தவறுகளில் இருக்கும் தகவல்: செயல்நினைவை ஆளுக்கு ஆள் அளப்பது



கணக்கில் தடுமாறும் ஒரு பிள்ளையை உளவியலாளரிடம் அழைத்துப் போகிறார்கள். தேர்வு முடிந்து அறிக்கை வருகிறது. அதில் ஒரு வரி: ‘செயல்நினைவுக் குறியீடு 85’. சராசரி 100 என்று பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. அன்றிலிருந்து அந்த 85 பிள்ளையோடு கூடவே வளர்கிறது. ஆசிரியர் அதைப் பார்த்து எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்கிறார், வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி வருந்துகிறார்கள். அந்த எண் எப்படிப் பிறக்கிறது, அதற்குள் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது, அதைவிட நேர்மையான ஓர் எண்ணைத் தர முடியுமா என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

செயல்நினைவு என்பது நேற்றைய சாப்பாட்டை நினைவுகூரும் நினைவன்று. 47ஐயும் 38ஐயும் மனத்துக்குள்ளேயே கூட்டிப் பாருங்கள். ஏழும் எட்டும் பதினைந்து. ஐந்தை வைத்துக்கொண்டு ஒன்றை மேலே கொண்டுபோக வேண்டும். அந்த ஐந்தையும் ஒன்றையும் சில நொடிகள் தாங்கிப் பிடித்தபடியே அடுத்த கூட்டலைச் செய்கிறோமே, அதுதான் செயல்நினைவு. வினைமுற்று கடைசியில் வரும் ஒரு நீண்ட தமிழ் வாக்கியத்தில், எழுவாயை விட்டுவிடாமல் முடிவுவரை வந்து சேர்வதும் அதன் வேலையே. வைத்திருப்பதும் வேலை செய்வதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்று 1974இல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் வலியுறுத்திய பிறகுதான் இந்தக் கருத்து உளவியலில் வேரூன்றியது.

அளக்கும் ஆசை அதற்கும் முந்தியது. 1887இல் ஜோசஃப் ஜேக்கப்ஸ் என்பவர் லண்டன் பள்ளி மாணவியருக்கு எண்களை வரிசையாகச் சொல்லி, எத்தனை எண்வரை பிழையின்றித் திருப்பிச் சொல்ல முடிகிறது என்று பார்த்தார். வயது ஏற ஏற அந்த எண்ணிக்கை கூடியது. வகுப்பில் முன்னணியில் இருந்தவர்கள் இதிலும் முன்னே நின்றார்கள். 1956இல் ஜார்ஜ் மில்லர் ‘ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம்’ என்று எழுதினார். 2001இல் நெல்சன் கோவன், மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது, தொகுத்துக்கொள்வது போன்ற உதவிகளை விலக்கிவிட்டால் மிஞ்சுவது நான்குதான் என்று வாதிட்டார். ஜேக்கப்ஸ் தொடங்கிய எண் வரிசைத் தேர்வு, 137 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், நம் பிள்ளைகளுக்குத் தரப்படும் நுண்ணறிவுத் தேர்வுகளில் இன்றும் இருக்கிறது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேர்வில் கிடைக்கும் மதிப்பெண் வேறு, ஆளின் ஆற்றல் வேறு. முன்னதிலிருந்து பின்னதுக்குப் போக வேண்டுமானால், அந்த விடை மனத்துக்குள் எப்படி உருவானது என்பதைப் பற்றி ஒரு வெளிப்படையான கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத்தான் அறிதல் மாதிரி என்கிறோம். மாதிரியே இல்லாமல் அளக்கிறேன் என்று சொல்பவரிடமும் ஒரு மாதிரி இருக்கிறது. அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறார், அவ்வளவே.

மதிப்பெண் ஆற்றல் இல்லை என்பதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்ஸ் எரிக்சனும் வில்லியம் சேஸும் ஒரு மாணவருக்கு எண் வரிசைப் பயிற்சி தந்தார்கள். ஆய்வுக் குறிப்புகளில் அவர் எஸ்.எஃப். என்ற எழுத்துகளால் குறிக்கப்படுகிறார். தொடக்கத்தில் ஏழு எண்கள். 230 மணி நேரத்துக்கும் மேலான பயிற்சிக்குப் பிறகு 79 எண்கள்! 1980இல் இது வெளியானது. அவர் நெடுந்தூர ஓட்டக்காரர்; 3492 என்று கேட்டால் ‘3 நிமிடம் 49.2 நொடி, மைல் ஓட்டத்தில் உலகச் சாதனையை ஒட்டிய நேரம்’ என்று மாற்றி வைத்துக்கொண்டார். எண்களை விட்டு எழுத்துகளைக் கொடுத்தபோது பழையபடி ஆறோடு நின்றார். வளர்ந்தது உத்தி, கொள்ளளவு இருந்த இடத்திலேயே இருந்தது. தேர்வின் மதிப்பெண்ணோ பத்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இரண்டாவது சான்று நமக்கு இன்னும் நெருக்கமானது. 1975இல் பேட்லி குழுவினர், உச்சரிக்க நேரம் பிடிக்கும் சொற்கள் நினைவில் குறைவாகவே நிற்கின்றன என்று காட்டினார்கள். ஏறத்தாழ இரண்டு நொடியில் சொல்லி முடிக்கக்கூடிய அளவே நிற்கிறது. 1980இல் எல்லிஸும் ஹென்னெலியும் வேல்ஸ் மொழியையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டார்கள். வேல்ஸ் எண்ணுப்பெயர்களைச் சொல்லக் கூடுதல் நேரமாகிறது. அதனால் இரு மொழியும் அறிந்தவர்களுக்கே வேல்ஸ் மொழியில் எண் வரிசை குறுகியது. நம் எண்களைச் சொல்லிப் பாருங்கள்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு உயிரொலிகள், ஒன்பதில் மூன்று. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பதுவரை ‘செவன்’ ஒன்றுதான் இரண்டு உயிரொலி கொண்டது. தொலைபேசி எண்ணை ஆங்கிலத்தில் சொல்லியே பழகிய ஒரு பிள்ளையையும், தமிழில் மட்டுமே எண்ணும் ஒரு பிள்ளையையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடுவதற்கு முன், தேர்வாளர் இதை யோசித்தே ஆக வேண்டும்.

இப்போது மாதிரிக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு வரும். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

திரையில் ஆறு வண்ணச் சதுரங்கள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தோன்றி மறைகின்றன. ஒரு நொடி வெறுமை. பிறகு அந்த ஆறு இடங்களில் ஒன்றில் மட்டும் ஒரு சதுரம் வருகிறது. முன்பிருந்த அதே வண்ணமா, மாறிவிட்டதா? இதுதான் கேள்வி. 1997இல் ஸ்டீவன் லக்கும் எட்வர்ட் வோகலும் இவ்வகைச் சோதனையைப் பரவலாக்கினார்கள். இருவர் இதைச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறம் உண்மையிலேயே மாறியபோது முதலாமவர் 80 சதவீதம் ‘மாறிவிட்டது’ என்கிறார். இரண்டாமவர் 60 சதவீதம்தான். முதலாமவர் கெட்டிக்காரர் என்று தோன்றும். ஆனால் மாறாதபோதும் முதலாமவர் 40 சதவீதம் ‘மாறிவிட்டது’ என்கிறார். இரண்டாமவர் 20 சதவீதம் மட்டுமே அப்படிச் சொல்கிறார்.

மாதிரி சொல்வது இது. கேட்கப்பட்ட சதுரம் நினைவில் இருந்தால் விடை சரியாக வரும். இல்லாவிட்டால் ஊகம். மாறாத ஒன்றை மாறியது என்று சொல்வது ஊகத்தால் மட்டுமே நிகழும். மாறியதைச் சரியாகப் பிடிப்பது நினைவாலும் நிகழலாம், அதிர்ஷ்டமான ஊகத்தாலும் நிகழலாம். மாறாததை மாறியது என்று சொன்ன சதவீதத்தை, மாறியதைச் சரியாகப் பிடித்த சதவீதத்திலிருந்து கழித்தால் ஊகம் அடிபட்டு நினைவு மட்டும் மிஞ்சுகிறது. முதலாமவருக்கு 80 கழித்தல் 40. இரண்டாமவருக்கு 60 கழித்தல் 20. இருவருக்கும் 40 சதவீதமே. ஆறு சதுரத்தில் 40 சதவீதம் என்றால் 2.4 சதுரங்கள். இருவரின் கொள்ளளவும் ஒன்று! வேறுபட்டது ஊகிக்கும் பழக்கம்தான்: தெரியாதபோது முதலாமவர் மூன்றில் இரண்டு முறை ‘மாறிவிட்டது’ என்கிறார், இரண்டாமவர் மூன்றில் ஒரு முறை. ஹரால்ட் பாஷ்லர் 1988இல் தொடங்கி, கோவன் 2001இல் இந்த வகைச் சோதனைக்கு ஏற்ப அமைத்துத் தந்த கழித்தல் இது. நினைவும் துணிச்சலும் ஒரே விடைக்குள் கலந்து கிடக்கும்போது இரண்டையும் தனித்தனியே எடுத்துக் காட்டுகிறது. இவ்வளவு எளிய ஒரு கழித்தல் இதைச் செய்வது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆனால் இதிலும் ஓட்டை இருக்கிறது. கவனம் சிதறினால்? 2008இல் ஜெஃப் ரூடரும் கூட்டாளிகளும் அதையும் மாதிரிக்குள் சேர்த்தார்கள். ஒருவரின் கொள்ளளவு 4. ஆனால் ஐந்தில் ஒரு முறை திரையைப் பார்க்காமல் மனம் எங்கோ போய்விடுகிறது. இன்னொருவரின் கொள்ளளவு 3.2, கவனம் ஒருமுறையும் தவறுவதில்லை. ஆறு சதுரச் சோதனையில் இருவரையும் பிரித்தறியவே முடியாது. நான்கில் 80 சதவீதம் 3.2தான். பிரித்தறிய வழி எது தெரியுமா? வெறும் இரண்டு சதுரங்களைக் காட்டுவது. கவனமாக இருப்பவர் அதில் தவறவே மாட்டார். மனம் அலைபவர் அதிலும் ஐந்தில் ஒரு முறை ஊகத்தில்தான் விடை சொல்வார். ‘இது ரொம்ப எளிது, நேரம் வீண்’ என்று தேர்வாளர்கள் நீக்கிவிடும் கேள்விகள்தான், கொள்ளளவுக் குறையையும் கவனக் குறையையும் வேறுபடுத்துகின்றன. ஒரு பிள்ளைக்கு என்ன உதவி செய்வது என்பது இந்த வேறுபாட்டையே பொறுத்தது. சுமையைக் குறைப்பது ஒருவருக்கு மருந்து. சூழலை அமைதியாக்குவது மற்றவருக்கு.

2005இல் வோகலும் ஆரிகன் பல்கலைக்கழகக் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இதை வேறொரு கோணத்தில் காட்டியது. சில பொருள்களை மட்டும் நினைவில் வை, மற்றவற்றை விட்டுவிடு என்று சொல்லிவிட்டு மூளை மின்னலைகளைப் பதிந்தார்கள். கொள்ளளவு குறைந்தவர்கள் என்று கணக்கிடப்பட்டவர்கள், விடச் சொன்னவற்றையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தார்கள். இடம் குறைவு என்று நாம் எழுதியது, வேண்டாததை வாசலில் நிறுத்தத் தெரியாமை.

அடுத்து, தவறின் வகை. சதுரத்தின் வண்ணத்தை ஒரு வண்ணச் சக்கரத்தில் தொட்டுக் காட்டச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. விடை சற்று விலகலாம், முழுக்கத் தவறலாம். 2008இல் வெய்வெய் ஜாங்கும் லக்கும் இரண்டு அளவுருக்களைப் பிரித்தார்கள்: நினைவில் இருந்ததா என்பது ஒன்று, இருந்தது எவ்வளவு துல்லியம் என்பது மற்றொன்று. அடுத்த ஆண்டே பால் பேஸும் கூட்டாளிகளும் மூன்றாவதைச் சேர்த்தார்கள்: வண்ணம் நினைவில் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது பக்கத்துச் சதுரத்தின் வண்ணம். சராசரிப் பிழை மூவருக்கும் ஒன்றாக இருக்கும்போதே, ஒருவர் மறந்தவர், ஒருவர் மங்கலாக வைத்திருப்பவர், ஒருவர் இடம் மாற்றி ஒட்டியவர்.

இதை நம் எண் வரிசைத் தேர்வுக்குக் கொண்டுவருவோம். தேர்வாளர் 5, 8, 2, 9, 1, 6 என்கிறார். ஒரு பிள்ளை 5, 8, 9, 2, 1, 6 என்று சொல்கிறது. இன்னொன்று 5, 8, 2, 9, 4, 6 என்கிறது. மூன்றாவது பிள்ளை 5, 8, 2 என்று தொடங்கி அப்படியே நின்றுவிடுகிறது. விடைத்தாளில் மூவருக்கும் பூஜ்யம். முதல் பிள்ளையிடம் ஆறு எண்களும் இருந்தன, வரிசை மட்டும் பிசகியது. இரண்டாவது, கேட்காத ஓர் எண்ணைக் கொண்டுவந்து ஒரு வெற்றிடத்தை நிரப்பியது. மூன்றாவதிடம் பாதிதான் மிஞ்சியது. அல்லது தெரியாததைச் சொல்லக் கூச்சம். கிளாவுஸ் ஓபரவரும் ஸ்டீபன் லெவண்டோவ்ஸ்கியும் 2019இல் முன்வைத்த அளவீட்டு மாதிரி இந்தத் தவறுகளையே மூலப்பொருளாகக் கொள்கிறது. சரியான சொல், பட்டியலில் வேறிடத்தில் இருந்த சொல், பட்டியலிலேயே இல்லாத சொல் என்று விடைகளை வகைப்படுத்தி எண்ணுகிறார்கள். பொருள் நினைவில் நிற்கும் வலுவும், பொருளை அதன் இடத்தோடு கட்டிவைக்கும் வலுவும் தனித்தனி எண்களாக வருகின்றன. இத்தகைய மாதிரிகளைத் தரவுக்குப் பொருத்தும் இலவச மென்பொருள்களும் இன்று கிடைக்கின்றன.

எல்லாம் சரி, வண்ணச் சதுரச் சோதனையில் வந்த அந்த 2.4ஐ எவ்வளவு நம்பலாம்? இந்தக் கேள்வியில்தான் நான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன். மேலே சொன்ன முதலாமவர் 60 முறை விடை சொன்னார், மாறியது 30, மாறாதது 30 என்று கொள்வோம். அப்போது அவருடைய 2.4இன் திட்டப்பிழை ஏறத்தாழ 0.7. இரு பக்கமும் அதன் இரு மடங்கு தூரம் விட்டுப் பார்த்தால், உண்மையான கொள்ளளவு 1 ஆகவும் இருக்கலாம், 3.8 ஆகவும் இருக்கலாம் என்று பொருள். வளர்ந்தவர்கள் பலரின் கொள்ளளவும் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும். 60 முறை கேட்டுவிட்டு ‘இவருக்கு 2.4, அவருக்கு 3.1’ என்று வரிசைப்படுத்துவது, ஆட்டத்தை வரிசைப்படுத்துவதே. கேள்விகளை நான்கு மடங்காக்கினால் பிழை பாதியாகும். 240 முறைக்கு 0.35. பிள்ளையோ சோர்ந்துவிடும்.

சராசரியை ஆராய்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. நூறு பேரைக் கூட்டினால் ஆட்டங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சோதனை உளவியலும் ஆளுக்கு ஆள் வேறுபாட்டை ஆராயும் உளவியலும் இரண்டு தனி ஊர்களாகக் கிடக்கின்றன என்று லீ கிரான்பாக் 1957இலேயே வருந்தினார். அந்தப் பிரிவின் விலையை 2018இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் ஹெட்ஜ், ஜார்ஜினா பவல், பெட்ராக் சம்னர் மூவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு நிறத்தின் பெயரை வேறு நிற மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனை போன்றவை புகழ்பெற்றதே எல்லோரிடமும் தவறாமல் விளைவு தருவதால். எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது என்றால் ஆட்களிடையே வேறுபாடு குறைவு. வேறுபாடு குறைந்த இடத்தில் ஆளை ஆளிடமிருந்து பிரிக்க அந்தச் சோதனை உதவாது. ஒரு வேலைக்கு மிகச் சிறந்த கருவி, அதே காரணத்தால் இன்னொரு வேலைக்குப் பயனற்றதாகிறது. செயல்நினைவுத் தேர்வுகள் இந்த விஷயத்தில் ஸ்ட்ரூப் சோதனையைவிட மேலானவை. மறுபடி நடத்தினாலும் ஆட்களின் வரிசை பெரிதும் மாறுவதில்லை. ஆனால் மதிப்பெண்ணை உடைத்துப் பல அளவுருக்களாக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் தரவு மெலிகிறது. மாதிரி கட்டுபவர்கள் இதை உரக்கச் சொல்ல வேண்டும்; பலர் சொல்வதில்லை.

இதற்கு இன்று பரவலாகக் கையாளப்படும் வழி படிநிலை மாதிரி. ஒருவரை மட்டும் தனியாகப் பார்க்காமல், அவர் சேர்ந்த குழுவைப் பற்றித் தெரிந்ததையும் கணக்கில் எடுப்பது. குழுவின் சராசரி 3 என்றும், ஆட்களிடையே உண்மையான பரவல் 0.7 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அளவீட்டின் பிழையும் 0.7 என்பதால் இரண்டுக்கும் சமமான எடை. ஆகவே 2.4 நடுவழிக்கு நகர்ந்து 2.7 ஆகிறது. அதே ஆள் 240 முறை விடை சொல்லி அதே 2.4ஐ எடுத்திருந்தால், சான்று வலுவானது, 2.5க்கு மட்டுமே நகரும். குறைந்த சான்றை வைத்து ஒருவரை ஓரத்துக்குத் தள்ளாதே என்பதைக் கணிதமே கட்டளையாகச் சொல்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. புள்ளியியலாளர்கள் பிராட்லி எஃப்ரனும் கார்ல் மாரிஸும் 1970களில் இதே முறையில் 18 பேஸ்பால் வீரர்களின் கணக்கைப் போட்டார்கள். பருவத்தின் முதல் 45 வாய்ப்புகளை வைத்து, மீதிப் பருவத்தில் ஒவ்வொருவரும் எப்படி ஆடுவார் என்று மதிப்பிட வேண்டும். எல்லோரையும் சராசரியை நோக்கி இழுத்தபோது மொத்தப் பிழை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால் பட்டியலில் முதலில் இருந்த ராபர்ட்டோ கிளெமென்டே, 0.400 என்ற மட்டைச் சராசரியிலிருந்து 0.290க்கு இழுக்கப்பட்டார், மீதிப் பருவத்தில் அவர் எடுத்ததோ 0.346. அவர் நான்கு முறை மட்டைச் சாம்பியன். மற்ற 17 பேரின் சராசரி அவருடைய சராசரி இல்லை. ஆகவே எந்தக் குழுவின் சராசரியை நோக்கி ஒரு பிள்ளையை இழுக்கிறோம் என்பது அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைத் தொடும் முடிவு. வேறு நாட்டில், வேறு மொழியில், வேறு பள்ளிமுறையில் திரட்டிய சராசரியை நோக்கி நம் பிள்ளையை இழுப்பது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

மாதிரிகளுக்குள்ளும் சண்டை ஓயவில்லை. மார்க் ஷர்கினும் ஜான் விக்ஸ்டெடும் திமத்தி பிரேடியும் 2020இல், நினைவில் இருப்பது இல்லாதது என்ற பிரிவே தேவையில்லை, வலிமை என்ற ஒரே அளவுரு போதும் என்று வாதிட்டார்கள். அவர்கள் சொல்வது சரியென்றால், ‘இத்தனை சதுரங்கள்’ என்று நான் இதுவரை சொன்ன கொள்ளளவை வேறு மொழியில் எழுத வேண்டியிருக்கும். அதனால் மாதிரியையே கைவிட வேண்டும் என்பார் சிலர். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ரூடரின் மாதிரியோ ஷர்கினின் மாதிரியோ, எந்த விடைக்கோலம் வந்தால் தான் தவறு என்று ஒப்புக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்கிறது. ‘85’ என்ற வெறும் கூட்டுத்தொகை எந்தக் கோலத்தையும் மறுக்காது. ஆகவே அதைத் தவறென்று காட்டவும் வழியில்லை.

இந்த அவையில் தேர்வு நடத்துபவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் படிவத்தில் சரிக்கு 1, தவறுக்கு 0 என்ற கட்டம் இருக்கிறது. அதன் பக்கத்தில் பிள்ளை சொன்ன எண்களை, சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள். தமிழில் சொன்னதா, ஆங்கிலத்திலா என்பதையும் குறியுங்கள். எளிய கேள்விகளில் தவறினால் அதையும் விடாமல் பதியுங்கள். ஒரு பிள்ளைக்குக் கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும். பூஜ்யமாக மட்டும் எழுதிவிட்ட விடையை எந்த மாதிரியாலும் திரும்பப் பெற முடியாது. எழுதி வைத்த விடைகளை, பத்தாண்டு கழித்து இன்னும் நல்ல மாதிரி ஒன்று வரும்போதும் எடுத்துப் படிக்கலாம்.